காரின் ரேடார் எதைப் பார்க்கும், எதை விட்டுவிடும்?

வாசகர் கேள்வி – பதில்

அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல், மோதல் எச்சரிக்கை ஆகிய இரண்டையும் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கேள்வி: புதிதாக வாங்கிய காரில் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோலும் மோதல் எச்சரிக்கையும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுதானா? முன்னால் போகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காருக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: இரண்டும் ஒரே கண்களால்தான் பார்க்கின்றன. ஆனால் பார்க்கிற வேலை வேறு. க்ரூஸ் கன்ட்ரோல் உங்கள் வசதிக்கானது. நீங்கள் வைத்த வேகத்தில் ஓட்டும். முன்னால் மெதுவாக ஒரு வண்டி போனால் வேகத்தைக் குறைத்து இடைவெளி விட்டுப் பின்தொடரும். அது விலகினால் பழைய வேகத்துக்குத் திரும்பும். மோதல் எச்சரிக்கைக்கு இந்த வேலை எதுவும் கிடையாது. மோதப்போகிறோமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும். க்ரூஸை நீங்கள் போடாவிட்டாலும் அது பின்னணியில் ஓடும்.

கண்கள் என்றால் பெரும்பாலும் இரண்டு. முன் பம்பர் அல்லது கிரில் பின்னால் ஒரு ரேடார்; முன் கண்ணாடியில், ரியர்வியூ மிரருக்கு அருகே ஒரு கேமரா. சில கார்களில் கேமரா மட்டும், சிலவற்றில் ரேடார் மட்டும். ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. அதன் அலைநீளம் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சீராக ஏறிக்கொண்டே போகும் அதிர்வெண்ணில் ஒரு சமிக்ஞையை அனுப்பும். 150 மீட்டர் தள்ளி இருக்கிற வண்டியில் பட்டுத் திரும்ப ஒரு மைக்ரோவிநாடி, அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஆகும். அதற்குள் அனுப்பும் அதிர்வெண் சற்று ஏறியிருக்கும். திரும்பி வந்ததற்கும் இப்போது போவதற்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து தூரம் கிடைத்துவிடுகிறது. அடுத்தடுத்த சமிக்ஞைகளில் ஏற்படும் மாற்றத்திலிருந்து அந்த வண்டி நம்மை எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதும் தெரிகிறது. இந்த நெருங்கும் வேகத்தை நேரடியாக அளப்பதுதான் ரேடாரின் பெரிய பலம். இருட்டோ லேசான பனிமூட்டமோ அதற்குத் தடையில்லை.

ரேடாருக்குத் தெரியாதது, எதிரே இருப்பது என்ன என்பது. கார், பைக், நடந்து போகிறவர், லேன் கோடு என்று பிரித்துச் சொல்வது கேமராவின் வேலை. ஸ்டீயரிங் கோணம், சக்கரங்களின் வேகம், கார் திரும்பும் வீதம் ஆகியவற்றை வைத்து நம் கார் எந்தப் பாதையில் போகப்போகிறது என்று கணினி கணிக்கும். அந்தப் பாதைக்குள் இருக்கிற வண்டிகளில் மிக அருகில் உள்ளதைத்தான் க்ரூஸ் பின்தொடரும். வேகத்தைக் குறைக்க முதலில் ஆக்சிலரேட்டரை விடும். அது போதாவிட்டால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஈஎஸ்சி (கார் சறுக்காமல் காப்பது) யூனிட்டில் உள்ள பம்ப் மூலம் பிரேக் ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கும். பின்னால் பிரேக் லைட்டும் எரியும்.

இந்தப் பிரேக் பகுதி பிறகுதான் வந்தது. 1995-ல் மிட்சுபிஷி டயமான்டே லேசர் வைத்து இடைவெளியைப் பார்த்தது. ஆக்சிலரேட்டரைக் குறைக்கும், கியரை இறக்கும், பிரேக் போடாது. 1999-ல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் ரேடாரும் பிரேக்கும் சேர்ந்து வந்தன.

கேள்வி: டிஸ்ப்ளேயில் இடைவெளிக்கு மூன்று, நான்கு கோடுகள் காட்டுகிறது. ஒரு கோடு என்றால் எத்தனை மீட்டர்?

பதில்: அது மீட்டர் கணக்கு அல்ல, விநாடிக் கணக்கு. முன்னால் போகிற வண்டி கடந்த இடத்தை நீங்கள் எத்தனை விநாடி கழித்துக் கடக்கிறீர்கள் என்பதுதான் அந்தக் கோடு. பல கார்களில் ஒரு கோடு மட்டும் வைத்தால் சுமார் 1 விநாடி, எல்லாக் கோடும் வைத்தால் சுமார் 2 முதல் 2.5 விநாடி. வேகம் கூடினால் மீட்டர் தானாகக் கூடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 2 விநாடி என்பது 33 மீட்டர், 100 கி.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட 56 மீட்டர்.

உங்கள் காரில் எவ்வளவு என்று பார்க்க, முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது உடன் வருகிறவரை ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று எண்ணச் சொல்லுங்கள். நம் கார் அந்தக் கம்பத்துக்கு வரும்போது எண்ணிக்கை எங்கே நிற்கிறதோ அதுதான் விநாடி.

ஒரு கோடு வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நீண்ட இடைவெளி விட்டால் நடுவில் வண்டிகள் புகுகின்றன என்பது பலரின் குறை. புகுந்தால் கார் மெல்ல வேகத்தைக் குறைத்து மறுபடி இடைவெளி விட்டுக்கொள்ளும்; இழப்பது சில விநாடிகள்தான். மழை பெய்தால் எல்லாக் கோடும் வையுங்கள். சாலை வழுக்குகிறதா என்று ரேடாருக்குத் தெரியாது. உலர்ந்த சாலையில் விட்ட அதே இடைவெளியைத்தான் ஈரத்திலும் விடும். தண்ணீர் தேங்கி நிற்கிற சாலையில் க்ரூஸையே போடாதீர்கள்.

கேள்வி: நெடுஞ்சாலையில் க்ரூஸ் போட்டு ஓட்டும்போது, முன்னால் போன கார் திடீரென்று பக்கத்து லேனுக்கு விலகியது. அதற்கு முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது. என் கார் பிரேக் போடவில்லை. வேகம் கூடியது போலவும் இருந்தது. நான்தான் மிதித்து நிறுத்தினேன். சென்சார் கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. நடந்தது இந்த அமைப்பின் இயல்பு. அடாப்டிவ் க்ரூஸ் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இதை மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

நீங்கள் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது, சாலையில் அசையாமல் இருக்கிற எல்லாமே உங்களை நோக்கி 100 கி.மீ. வேகத்தில் வருவதாகத்தான் ரேடார் காணும். வழிகாட்டிப் பலகை, மேம்பாலம், ஓரத்து இரும்புத் தடுப்பு, சாலையில் பதித்த பாதாளச் சாக்கடை மூடி எல்லாம் அதில் சேர்த்தி. பழைய ரேடார்களால் உயரத்தைச் சரியாக அளக்க முடியாது. பக்கவாட்டிலும், 150 மீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி பிசகினால் 2.6 மீட்டர் தள்ளிப் போய்விடும். மேலே இருப்பது பாலமா, நம் லேனில் நிற்கிற லாரியா என்று அந்தத் தூரத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. அசையாத ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் ஒவ்வொரு மேம்பாலத்துக்கு முன்னாலும் கார் நின்றுவிடும். பின்னால் வருகிறவர் மோதிவிடுவார். அதனால் அதிக வேகத்தில், ஆரம்பம் முதலே அசையாமல் நிற்கிற பொருளை க்ரூஸ் கணக்கில் எடுத்துக்கொள்ளாதபடி வடிவமைத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்து நம் கண்ணெதிரே நின்ற வண்டி என்றால் அடையாளம் தெரியும். அதற்குக் கார் நிற்கும். ஏற்கெனவே நின்றிருந்த வண்டிதான் சிக்கல்.

உங்கள் விஷயத்தில் இரண்டாவது சிக்கலும் சேர்ந்துகொண்டது. நீங்கள் வைத்த வேகம் 100, முன்னால் போன கார் 80-ல் போனது என்று வைத்துக்கொள்வோம். அது விலகிய உடனே உங்கள் க்ரூஸுக்கு வழி காலி. விட்ட 20 கி.மீ. வேகத்தைப் பிடிக்க ஆக்சிலரேட்டரைத் திறக்கும். வேகம் கூடியதாக நீங்கள் உணர்ந்தது பிரமை அல்ல.

கேமராவும் ரேடாரும் ஒத்துப்போனால் மட்டும் நின்ற வண்டியை நம்புகிற புதிய அமைப்புகள் இதைவிட நன்றாகச் செய்கின்றன. உயரத்தையும் அளக்கிற புதிய ரேடார்களும் வந்துவிட்டன. ஆனாலும் உங்கள் காரின் கையேட்டை எடுத்து, க்ரூஸ் அத்தியாயத்தில் ‘நிற்கும் வாகனங்கள்’ பற்றிய எச்சரிக்கையைத் தேடிப் படியுங்கள். அநேகமாக எல்லாக் கையேடுகளிலும் அது இருக்கும்.

ஓட்டும்போது செய்ய வேண்டியவை: சுற்றி ஓடுகிற வண்டிகளின் வேகத்தைவிட வெகுவாகக் கூட்டி க்ரூஸ் வேகத்தை வைக்காதீர்கள். முன்னால் இருக்கிற வண்டியை மட்டும் பார்க்காமல் அதற்கும் முன்னால் பாருங்கள். பெரிய லாரியின் பின்னால் போனால் அந்தப் பார்வை மறையும், இடைவெளியைக் கூட்டுங்கள். முன்னால் போகிற வண்டி காரணம் தெரியாமல் சட்டென்று விலகினால், காரணம் தெரியும்வரை காத்திருக்காமல் உடனே பிரேக்கைத் தொடுங்கள். தொட்டாலே க்ரூஸ் விலகிவிடும். சாலை வேலை நடக்கிற இடம், சுங்கச்சாவடி, சிக்னல் நெருங்கும்போது முன்கூட்டியே கேன்சல் செய்துவிடுங்கள்.

கேள்வி: மோதல் எச்சரிக்கை சத்தம் கேட்ட உடனே பிரேக் போட்டால் நிச்சயம் தப்பிக்கலாமா?

பதில்: வேகத்தைப் பொறுத்தது. எச்சரிக்கை எப்போது ஒலிக்க வேண்டும் என்பதை மோதலுக்கு மிச்சமுள்ள நேரத்தை வைத்துக் கார் முடிவுசெய்கிறது. இருக்கிற தூரத்தை நெருங்கும் வேகத்தால் வகுத்தால் அந்த நேரம் கிடைக்கும். மிச்ச நேரம் 2.5 விநாடி ஆகும்போது எச்சரிக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுவோம். சத்தம் கேட்டுக் கால் பிரேக்குக்குப் போக 1.2 விநாடி, உலர்ந்த சாலையில் முழு பிரேக், அதாவது ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 8 மீட்டர் குறைகிறது (விநாடிக்கு விநாடி 8 மீட்டர்) என்று கொள்வோம்.

நின்றிருக்கிற வண்டியை நோக்கி 60 கி.மீ. வேகத்தில் போனால் எச்சரிக்கை 42 மீட்டரில் வரும். கால் போவதற்குள் 20 மீட்டர் ஓடிவிடும். மிச்சம் 22 மீட்டரில், நிற்கத் தேவை சுமார் 17 மீட்டர். நான்கு, ஐந்து மீட்டர் மிச்சம் வைத்து நின்றுவிடுவீர்கள். இதே கணக்கை 100 கி.மீ. வேகத்துக்குப் போடுங்கள். எச்சரிக்கை 69 மீட்டரில் வருகிறது. கால் போவதற்குள் 33 மீட்டர் ஓடிவிடும். மிச்சம் 36 மீட்டர். நிற்கத் தேவை 48 மீட்டர். மோதும்போது உங்கள் வேகம் ஏறக்குறைய 50 கி.மீ. இருக்கும். அதே எச்சரிக்கை, அதே கால், அதே பிரேக்.

தானியங்கி அவசர பிரேக் உள்ள கார் என்றால் நீங்கள் மிதிக்காவிட்டாலும் கடைசி நேரத்தில் அதுவே போடும். நீங்கள் அரைகுறையாக மிதித்தால் பல கார்களில் மிச்ச அழுத்தத்தைச் சேர்க்கும். ஐ.நா.வின் 152-ஆம் ஒழுங்குவிதி, அவசர பிரேக்கின்போது குறைந்தது விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைய வேண்டும் என்று கேட்கிறது. க்ரூஸ் போடுகிற பிரேக் இதைவிட மென்மையானது. நெடுஞ்சாலை வேகத்தில் பொதுவாக 3.5 மீட்டருக்கு மேல் போகாது. உலர்ந்த சாலையில் கார் போடக்கூடிய முழு பிரேக்கில் பாதிகூட இல்லை. முன்னால் போகிறவர் முழு பிரேக் போட்டால் க்ரூஸால் ஈடுகொடுக்க முடியாது. அப்போது டிஸ்ப்ளேயில் சிவப்பு எச்சரிக்கையோ சத்தமோ வந்தால், ‘என்னால் முடிந்தது இவ்வளவுதான், நீங்கள் மிதியுங்கள்’ என்று பொருள். பாதி மிதிக்காமல் அழுத்தி முழுதாக மிதியுங்கள். ஏபிஎஸ் இருப்பதால் பெடல் அதிரும். அதற்காகக் காலை எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எதிரே ஒன்றுமே இல்லாதபோதும் எச்சரிக்கை அலறுகிறது. வளைவில் பக்கத்து லேன் லாரியைப் பார்த்து க்ரூஸ் வேகத்தைக் குறைக்கிறது. அணைத்துவிடலாமா?

பதில்: அணைக்க வேண்டாம். முதலில் எங்கே நடக்கிறது என்று கவனியுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் என்றால் காரணம் சாலைதான். பள்ளத்தின் மேல் போட்ட இரும்புத் தகடு, வளைவின் வெளிப்புறத் தடுப்பு, ஏற்றத்தின் உச்சியில் நேராகத் தெரிகிற பலகை போன்றவை அலையைப் பலமாகத் திருப்பி அனுப்பும். முன்னால் போகிறவர் வேகம் குறைத்துத் திரும்பும்போதும் இது வரும். அவர் விலகிவிடுவார் என்று உங்களுக்குத் தெரியும், காருக்குத் தெரியாது.

வளைவு விஷயத்துக்குக் காரணம் பாதைக் கணிப்பு. வளைவு தொடங்குகிற இடத்தில் நம் ஸ்டீயரிங் இன்னும் நேராக இருக்கும். அந்த நேர்க்கோட்டில் பக்கத்து லேன் லாரி வந்து நிற்கும். வளைவு முடிகிற இடத்திலும் அப்படியே. இதன் மறுபக்கம் இன்னும் கவனிக்க வேண்டியது: வளைவில் நம் லேன் வண்டியைத் தொலைத்துவிட்டு, வழி காலி என்று நினைத்து வேகம் கூட்டவும் செய்யும். வளைந்து வளைந்து போகிற சாலையில் க்ரூஸ் வேண்டாம்.

நேரான, காலியான சாலையில் வெவ்வேறு இடங்களில் அலறினால்தான் ரேடாரோ கேமராவோ கோணம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எச்சரிக்கையின் நேரத்தை முன்னதாக, நடுத்தரம், தாமதம் என்று மாற்றும் வசதி செட்டிங்கில் இருக்கும். தொந்தரவு தாங்காவிட்டால் முன்னதாக என்பதிலிருந்து நடுத்தரத்துக்கு மாற்றுங்கள். மேலே சொன்ன 100 கி.மீ. கணக்கைப் பார்த்த பிறகு தாமதம் என்பதை யாருக்கும் சொல்ல மனம் வரவில்லை.

கேள்வி: சின்ன இடியில் முன் பம்பர் மாற்றினார்கள். அதன் பிறகு க்ரூஸ் முன்னால் போகிற வண்டியைத் தாமதமாகப் பிடிக்கிறது. சில நேரம் பிடிப்பதே இல்லை. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் இல்லை.

பதில்: ரேடார் கோணம் மாறியிருக்கிறது என்பதே முதல் சந்தேகம். ஒரு டிகிரி என்பது கண்ணுக்குத் தெரியாத சாய்வு. ஆனால் 100 மீட்டர் தூரத்தில் அது 1.75 மீட்டர். லேனின் அகலம் 3.5 மீட்டர் என்றால் பாதி லேன் தள்ளிப் பார்க்கிறது. பக்கவாட்டில் சாய்ந்தால் பக்கத்து லேனைப் பிடிக்கும். கீழே சாய்ந்தால் சாலையைப் பார்க்கும். மேலே சாய்ந்தால் வண்டிகளின் தலைக்கு மேல் பார்க்கும். ஓடும்போது சிறிய பிசகைப் பல ரேடார்கள் தாமே திருத்திக்கொள்ளும். எல்லை தாண்டினால்தான் கோளாறு பதிவாகும். அதனால் விளக்கு எரியவில்லை என்பது கோணம் சரி என்பதற்குச் சான்று ஆகாது.

ரேடாரைத் தாங்குகிற பிராக்கெட் வளைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்ததை நிமிர்த்தக் கூடாது, மாற்ற வேண்டும். அடுத்து, ரேடாருக்கு முன்னால் என்ன இருக்கிறது? பம்பரின் அந்தப் பகுதியில் பட்டி பூசித் தேய்த்திருந்தாலோ, பழைய பெயின்ட் மேல் பல அடுக்கு அடித்திருந்தாலோ, உலோகத் துகள் உள்ள பெயின்ட் கனமாக ஏறியிருந்தாலோ அலை பலவீனமாகும். அலை ஊடுருவுகிற பிரத்தியேக எம்பளத்துக்கு (நிறுவனச் சின்னத்துக்கு) பதில் சாதாரண எம்பளம் ஒட்டுவது, ரேடார் முகத்தை மறைத்து நம்பர் பிளேட்டோ கூடுதல் விளக்கோ இரும்புக் கம்பித் தடுப்போ மாட்டுவது எல்லாமே கண்ணைக் கட்டுகிற வேலை.

இவை சரியென்றால் கேலிபிரேஷன், அதாவது ரேடாரின் கோணத்தை அளந்து நேர்ப்படுத்துவது. சமதளத் தரை, கையேட்டில் சொன்ன டயர் காற்றழுத்தம், டிக்கியில் சுமை இல்லாத கார் இதற்கு வேண்டும். வீல் அலைன்மென்ட் முதலில் முடிந்திருக்க வேண்டும். பின்சக்கரங்கள் காட்டுகிற திசைதான் கார் உண்மையில் போகிற திசை. ரேடாரை அந்தத் திசைக்குத்தான் நேர்ப்படுத்த வேண்டும். முதலில் ரேடாரைச் சரிசெய்துவிட்டுப் பிறகு அலைன்மென்ட் பார்த்தால் செய்த வேலை வீண். சில கார்களுக்குக் குறிப்பிட்ட தூரத்தில், குறிப்பிட்ட உயரத்தில் இலக்குப் பலகை வைத்து நிறுத்திச் செய்வார்கள். சிலவற்றுக்குக் காரின் கணினியைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டிச் சாலையில் ஓட்டிச் செய்வார்கள். சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும். முடிந்ததும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ‘லைட் எரியலை, எல்லாம் ஓகே’ என்ற வாய்வார்த்தையை ஏற்காதீர்கள்.

முன் கண்ணாடி மாற்றினால் இதே கதை கேமராவுக்கு. சஸ்பென்ஷன் உயரத்தை மாற்றினாலும் டயர் அளவை மாற்றினாலும் கேலிபிரேஷன் தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பைக்குகளைச் சில நேரம் கண்டுகொள்வதில்லையே?

பதில்: பைக் சிறியது, அதிலிருந்து திரும்பும் அலையும் குறைவு. லேனின் ஓரத்தில் போனால் கணித்த பாதைக்கு வெளியே விழுந்துவிடும். பைக் பின்னால் போகும்போது டிஸ்ப்ளேயில் வண்டி உருவம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கார் அதைப் பின்தொடரவில்லை, வேகத்தை நீங்களே குறையுங்கள். இன்னொன்று: கம்பி, குழாய் நீட்டிக்கொண்டு போகிற லாரி. ரேடார் அளப்பது லாரியின் பின்பகுதியை. நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியை அல்ல. உயரமான டிரெய்லர் என்றால் அடியில் புகுந்து பின் அச்சைப் பிடித்து அதுதான் முடிவு என்று நினைக்கவும் கூடும். இந்த இரண்டின் பின்னாலும் நிறுத்துகிற வேலையை க்ரூஸிடம் விடாதீர்கள். ஆள், மாடு, நாய் குறுக்கே வந்தால் க்ரூஸ் கண்டுகொள்ளாது. எதிரே வருகிற வண்டிக்கும் அது பிரேக் போடாது.

கேள்வி: மழையில் ‘சென்சார் மறைக்கப்பட்டுள்ளது’ என்று வந்து க்ரூஸ் நின்றுவிடுகிறது.

பதில்: ரேடார் முகத்தில் தண்ணீர் படலமாக நின்றால் அலை அதிலேயே தேங்கிவிடும். சேறும் அப்படித்தான். காரை நிறுத்தி, ஈரமான மெல்லிய துணியால் துடையுங்கள். உரசிக் கீற வேண்டாம், பிரஷர் ஜெட்டை நெருக்கத்தில் பிடிக்க வேண்டாம். கேமராவுக்கு வைப்பர் ரப்பர் நன்றாக இருக்க வேண்டும். கண்ணாடி உட்புறம் ஆவி படிந்தாலும் இதே செய்தி வரும். டீஃபாகர் போட்டால் சரியாகும். மழை விட்டு உலர்ந்த பிறகும் செய்தி போகாவிட்டால்தான் பணிமனை.

கேள்வி: நெரிசலில் கார் தானாக நின்று, சில நேரம் தானாகக் கிளம்புகிறது, சில நேரம் கிளம்புவதில்லை. ஏன்?

பதில்: நின்ற நேரம் சில விநாடிக்குள் என்றால் தானே கிளம்பும். பல கார்களில் இந்த எல்லை 3 விநாடி அளவு. அதைத் தாண்டினால் ரெஸ் (மறுபடி தொடங்கு) பட்டனையோ ஆக்சிலரேட்டரையோ தொட வேண்டும்; காருக்கு முன்னால் யாராவது நடந்து வந்திருக்கலாம் என்பதால் இந்த ஏற்பாடு. பட்டனைத் தொடுமுன் நீங்களும் அதைப் பாருங்கள்.

ஆக்சிலரேட்டர் மேல் காலை வைத்துக்கொண்டு க்ரூஸில் ஓட்டுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. லேசாக மிதித்திருந்தாலும், நீங்களே ஓட்டுவதாக எடுத்துக்கொண்டு க்ரூஸ் பிரேக் போடாமல் இருக்கும். காலைப் பிரேக் பக்கம் வையுங்கள்.

கேள்வி: மேனுவல் கியர் காரில் இது எப்படி?

பதில்: பின்தொடரும், ஆனால் நிற்கும்வரை வராது. வேகம் சுமார் 30 கி.மீ.க்குக் கீழே போனால் பெரும்பாலும் சத்தம் போட்டுவிட்டு விலகிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு பிரேக்கும் கிளட்சும் உங்கள் பொறுப்பு.

கேள்வி: பழைய காரில் வெளியில் வாங்கி மாட்டலாமா?

பதில்: கண்ணாடியில் ஒட்டுகிற கேமரா வகை எச்சரிக்கைக் கருவியை மாட்டலாம், அது சத்தம் மட்டும் போடும். கேமராவின் உயரத்தையும் காரின் நடுக்கோட்டிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் சரியாக அளந்து கருவியில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் தூரக் கணக்கு தப்பும். பிரேக்கிலோ ஆக்சிலரேட்டரிலோ கை வைக்கிற கருவி எதையும் காரைத் தயாரித்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் மாட்டாதீர்கள்.